காய்ச்சல் வராத வீடு

கல்முனைக்குடியில் விடியற்காலை இடியப்பம் என்றால் அது ஸில்மியா வீட்டு இடியப்பம்தான். அப்படி இருந்தவளுக்கு இப்போது இடியப்ப உரலை இரண்டு தரம் அமுக்கினாலே மூச்சு வாங்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுகிறாள்.

"ஒனக்குச் சோம்பல் புடிச்சிட்டு புள்ள!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா ஜெஸீமா ஓயாமல் ஏசுவாள். கண்ணூறு என்றார்கள் சிலர். தண்ணீர் ஓதிக் குடித்தாயிற்று, முட்டையும் ஈரலும் தின்றாயிற்று. ஒன்றுக்கும் கேட்கவில்லை.

கொரோனாவில் மவுத்தான முஸ்லிம்களின் மையத்தையும் அடக்கம் செய்யவிடாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த அந்தப் பாழாய்ப்போன காலத்தில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கணவன் அப்துல் ஸமட் கதவைச் சாத்தி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, கேட்டவர்களிடமெல்லாம் "பனிக்காய்ச்சல்" என்றான். அவளும் பிழைத்தாள். எரிக்கிற சட்டம் போய் வருடக்கணக்காகிவிட்டது. ஸமடின் வாய்ப்பூட்டு மட்டும் கழலவில்லை.

இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் செய்த சோதனைகளில் ஒரு குறையும் இல்லை. இப்படியே திருப்பி அனுப்பிவிட்டால், தான் சோம்பேறிதான் என்று அவளே நம்பிவிடுவாள். டொக்டர் கேதீஸ்வரி கடைசியாகக் கேட்டார்: "கொரோனா வந்ததா?"

"இல்ல டொக்டர்! எங்கட வீட்டுக்கு அது வரவே இல்ல." ஸமட் முந்திக்கொண்டான்.

ஸில்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்தது டொக்டர். எரிச்சிருவாங்கண்டு நாங்க ஒளிச்ச."

ஸமட் தலையைக் குனிந்து அழுதான். "மையத்தக்கூடத் தரமாட்டாங்களே டொக்டர்..."

டொக்டர் சோதனைத் தாள்களை மூடிவைத்தார். பிறகு சொன்னார்: "நூறு பேருக்கு வந்தா ஒரு ஆறு பேருக்காவது கொரோனா போன பிறகும் இப்படி இழுக்கும். கடுமையா வந்தாக்களுக்கு இன்னும் கூடுதலா வரும். வீட்டோட வந்து போனவங்களுக்கும் வரும், அதிலயும் பொம்பிளையளுக்கு. உங்களுக்கு வந்தது தடுப்பூசி வராத காலம் வேற. இது சோம்பல் இல்ல ஸில்மியா. ஆனா உடனே சுகமாக்க மருந்தும் இல்ல. உடம்பு தாங்கிற அளவுக்கு மட்டும் வேலை செய்ங்க."

வீட்டு வாசலில் ராத்தா காத்திருந்தாள். "என்னவாம்? சோம்பலுக்கு மருந்து தந்தாவா?"

"அண்டைக்கு வந்தது பனிக்காய்ச்சலில்ல ராத்தா. கொரோனா." ஊருக்கே கேட்கிற மாதிரி ஏசப்போகிறாள் என்று ஸில்மியா நின்றாள்.

ஜெஸீமா சுற்றுமுற்றும் பார்த்தாள். மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"மெல்லக் கத புள்ள. எனக்கும் அந்தக் கிழமதான் வந்த. அதுக்குப் பொறகு என்னால நிண்டு தொழ ஏலா. கதவச் சாத்திப்போட்டு, கதிரையில குந்தித்தான் தொழுறன்."