பானெட்டில் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் கராஜில் நிற்கும் காரைப் பார்த்துவிட்டு "ஒரிஜினலா?" என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். "டூப்ளிகேட்டா?" என்று கேட்பவர்களுக்குக் காபி கிடையாது.

எண்பதுகளில் ஐரோப்பாவின் மலைச்சாலைகளில் ராலிப் பந்தயம் ஓடிய வண்டியின் மறுபிறவி அது. பார்த்தால் காய்கறி வாங்கப் போய்வரும் சின்னக் கார் மாதிரிதான் இருக்கும். ஆனால் பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் டர்போ என்ஜின் உட்கார்ந்திருக்கும். கொஞ்சமாகத்தான் செய்தார்கள். மிஞ்சியவை மியூசியங்களிலும் பெரும் பணக்காரர்களின் வீடுகளிலும் பூட்டிக் கிடக்கின்றன. கோயம்புத்தூரில் படித்த காலத்தில் ஒரு பழைய மோட்டார் பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவில், டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் வீடு வாங்கி, சொந்தமாக ஒரு கராஜ் கைக்கு வந்ததும் அது முற்றிவிட்டது.

அசலை வாங்க ஏழு ஜென்மம் சம்பாதித்தாலும் முடியாது. செய்துவிடலாம் என்று இறங்கினேன். வாரத்தில் ஐந்து நாள் டெலிகாம் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறு கராஜ். அதே மாடலின் சாதாரணக் காரின் கூடு ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்பக்கத்தை அறுத்து, இரும்புக் குழாய்களில் சட்டம் கட்டி, என்ஜினை இறக்கினேன். ஏதோ ஒரு ராலி வண்டியைச் செய்வதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு குறிப்பிட்ட ராலியில் ஒரு குறிப்பிட்ட வண்டி எப்படி இருந்ததோ, அப்படியே வேண்டும். அந்த ராலியில் எடுத்த பதினோரு புகைப்படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பெயின்ட் கூட அந்தக் காலத்து வகைதான், இப்போதைய கார்களில் மேலே அடிக்கும் கண்ணாடி போன்ற கிளியர் கோட் இல்லாதது. இப்படி ஒரு பிடிவாதக்காரனோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பின் சக்கரங்களுக்கு மேலே புடைத்து நிற்கும் மட்கார்டுதான் என்னை அழவைத்தது. ஃபைபர் கிளாஸில் மூன்று தடவை வார்த்தேன். மூன்று தடவையும் வீங்கிய கன்னம் மாதிரி வந்தது. என் மனைவிக்கு வேலை ஆஸ்பத்திரி லேபில், ஆசை தையலில். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பாதிப்பேர் அவள் தைத்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயோடு வந்தவள், புகைப்படத்தையும் என் மட்கார்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது தட்டையா வெட்டி வளச்சா வராதுங்க. ஜாக்கெட் தோள் மாதிரி, இங்க ஒரு டக் புடிக்கோணும்."

மளிகைக் கடை காகிதப் பைகளைப் பிரித்து, குண்டூசி குத்தி, வண்டியின் மேலேயே அளவு வெட்டினாள். நான்காவது வார்ப்பு அச்சு அசலாக வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்று கூட வரவில்லை என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

நான்கு வருஷம் கழித்து வண்டி ஓடியது. டர்போவுக்கு ஒரு குணம் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே எதுவும் நடக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் வரை சும்மா இருந்துவிட்டு, பிறகு முதுகில் அறைந்த மாதிரி பாயும். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வண்டிக்காவது கோபம் வர ரெண்டு செகண்ட் ஆகுது. உங்களுக்கு அதுகூட ஆகாதுங்க."

அக்டோபரில் டல்லாஸுக்கு வெளியே பழைய ராலி வண்டிகளின் கண்காட்சி ஒன்று இருந்தது. அசல் வண்டிகளின் வரிசையில், உண்மையாகச் செய்த மறுஆக்கம் ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுப்பார்கள். இளவயதில் அந்த அசல் வண்டிகளிலேயே வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பார்வையாளர்களின் கார்களோடு பார்க்கிங்கில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த வரிசையில் ஒரு நாள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் நான்கு வருஷம் தூசி தின்றேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. ஸ்பேனர், ஜாக், தையல் மிஷின், மகளின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே மனைவி கராஜுக்கு வந்தாள். நான் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு ஹோஸை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இதுக்கும் வெக்கட்டுங்களா?"

"வை, வை."

பானெட்டின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். எங்கள் மற்ற கார்களுக்கும் வருஷா வருஷம் அப்படித்தான். மறுநாள் துடைத்தால் போய்விடும். இதிலும் சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. கிளியர் கோட் இல்லாத வெள்ளைப் பெயின்ட், அடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சாயம் உள்ளே இறங்கிவிட்டது. பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். இன்னும் தேய்த்தால் அடியில் இருக்கும் சாம்பல் பிரைமர் தெரிந்துவிடும் என்ற கட்டம் வந்ததும் நிறுத்தினேன். கால் ரூபாய் அளவுக்கு ஒரு ரோஜா நிறப் பொட்டு அப்படியே இருந்தது.

"அறிவிருக்கா உனக்கு? நாலு வருஷ உழைப்பு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு கராஜுக்குள் வரவில்லை. சாப்பாடு தயார் என்ற செய்தி பத்தாவது படிக்கும் மகள் வழியாக வந்தது. வியாழக்கிழமை பல் தேய்க்கும்போதுதான் "வை, வை" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. "ஜஸ்ட் சே சாரி, அப்பா" என்றாள் மகள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

சனிக்கிழமை மனைவி வரமாட்டாள் என்று நினைத்தேன். தயிர்சாத டப்பாவோடு வந்து ஏறி உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் என்ஜின் அலறும் வண்டியில் பேசாமல் வருவது சுலபம். நாற்பது மைல் அப்படியே போனோம்.

மெக்கானிக் ஒரு மணி நேரம் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். பின் மட்கார்டைக் கையால் தடவியவர், எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான், இதை யார் செய்தது என்று கேட்டார். "என் மனைவி" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

அப்புறம் பானெட்டுக்கு வந்தார். பொட்டில் விரலை வைத்து, இது என்ன என்றார். பூஜை, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல வழக்கம், ஆனால் அசலில் இந்தக் கறை கிடையாதே என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ராலியின் பெயர் அச்சிட்ட சதுர ஸ்டிக்கரைப் பானெட்டின் இடது பக்கத்திலிருந்து எடுத்து நடுவில் ஒட்டிவிடு, இதே வண்டி அந்த ராலியின் கடைசி நாளில் அப்படித்தான் ஓடியது, எனக்குச் சம்மதம் என்றார். பழையதை உரித்துவிட்டு ஒட்டுவதற்கு என்னிடம் இன்னொரு ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது.

நான்கு வருஷக் கனவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்டிக்கரை எடுத்தேன். அவள் வைத்த பொட்டை அவள் கண்ணெதிரே மூட மனம் வரவில்லை.

"வேண்டாம்மா. பார்க்கிங்லயே நிறுத்திக்கலாம்" என்றேன். மூன்று நாளில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"நல்லாருக்குதே. இத்தன தூசியும் தின்னது பார்க்கிங்ல நிறுத்தறதுக்குங்களா?" ஸ்டிக்கரை என் கையிலிருந்து பிடுங்கி, பொட்டின் மேல் வைத்து, ஓரம் தூக்காமல் உள்ளங்கையால் நீவி ஒட்டினாள். "அடியில பொட்டு இருக்குதுன்னு சாமிக்குத் தெரியாதுங்களா?"

இதற்குமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"அன்னிக்கு நீ கேட்டுட்டுதான் வெச்சே. வைன்னு சொன்னவன் நான்தான்."

அவள் ஸ்டிக்கரை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னாள்: "அது எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியுமுங்க. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்."