கையெழுத்தில்லாத டிரைவர்

இப்போதெல்லாம் எவனும் எவனையும் முகம் பார்த்து நம்புவதில்லை. கம்ப்யூட்டர்ப் பெட்டி நம்பச் சொன்னால் நம்புகிறான், வேண்டாமென்றால் கதவைச் சாத்துகிறான். நான் அதிகம் படித்தவனில்லை. பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் இது என் பட்டறையில், என் கண் முன்னால் நடந்தது. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஹுவாலியன் ஊரில் சீன எழுத்தில் சமாதிக் கல் வெட்டுவது என் தொழில். உளியைக் கீழே வைத்து வெகுகாலம் ஆயிற்று. கம்ப்யூட்டர் சொல்லும், மெஷின் ஊசி வெட்டும். அன்றைக்கு எங்கள் பஞ்சாங்கப்படி ஆறாம் மாதக் கடைசி. விடிந்தால், செத்துப்போன கூ என்பவருக்குக் கல் நட்டாக வேண்டும். அதை விட்டால் ஏழாம் மாதம் பிறந்துவிடும். ஆவிகள் நடமாடும் மாதத்தில் எவனும் கல் நட மாட்டான். அதுவரை மனுஷன் பெயரில்லாத மண்மேடாகக் கிடக்க வேண்டியதுதான். அவர் பெண்சாதி காலையிலிருந்து போன் மேல் போன்.

அன்றைக்குப் பார்த்துத்தான் பழைய கம்ப்யூட்டர் செத்தது. எங்கள் தெரு ரிப்பேர்க்காரன் போ-ஜுன் புதுசு ஒன்றைத் தூக்கிவந்தான். அது என் மெஷினைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று திரையில் எச்சரிக்கைக் கட்டம் போட்டது.

"மாமா, மெஷினையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற புரோகிராம் இருக்குல்ல, டிரைவர்? அதுல கையெழுத்து இல்ல. அதான் உள்ள விடமாட்டேங்குது."

"எவன் கையெழுத்து?"

"செஞ்ச கம்பெனியோடது. யாரு செஞ்சதுன்னு தெரியாததை இது சேக்காது."

"கம்பெனியே எப்பவோ மூடியாச்சுடா. செத்தவன்கிட்ட போய்க் கையெழுத்து வாங்குவியா?"

"நீங்க மட்டும் என்னவாம்? கூரியர்காரன் பேனா நீட்டினாக்கூடக் கையெழுத்துப் போடாம விரட்டுறவரு. நீங்களும் இந்தப் பெட்டியும் நல்ல ஜோடிதான்."

அணைத்துப் போட்டான். நீலத் திரையில் ஏதோ வரிசையாக வந்தது. ஏழாம் எண்ணை அமுக்கினான்.

"கையெழுத்துக் கேக்குற காவலை எடுத்தாச்சு மாமா. இனி யார் வேணா உள்ள வரலாம்."

"என்னைக்கு என்ன பேசுறதுன்னு இல்ல? வாயை மூடு."

கீர்ர்ர்... ஊசி இறங்கியது. வரப்போகிற புயலுக்கு முன்னால் வீடு சேர வேண்டும் என்று அவன் ஓடிவிட்டான்.

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரை படபடவென்று அடித்தது. என்னால் உட்கார முடியவில்லை. கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். செத்தவர் பெயர் முடிந்திருந்தது. இடது ஓரத்தில், கல் வைக்கும் இரண்டு மகன்களின் பெயர்தான் பாக்கி.

நாலு பத்துக்குக் கரண்ட் போனது.

ஒரு நிமிஷம்தான். திரும்ப வந்தது. கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. திரையில் பழையபடி அதே எச்சரிக்கைக் கட்டம். எதை அமுக்குவது? போ-ஜுனுக்குப் போன் போட்டேன். லைன் செத்திருந்தது.

கீர்ர்ர்...

திரும்பினேன். ஊசி வெட்டிக்கொண்டிருந்தது.

விட்ட இடத்திலிருந்து தொடரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூத்தவன் பெயர். பிறகு இளையவன் பெயர். அப்பாடா, முடிந்தது.

ஊசி நிற்கவில்லை.

கீழே நகர்ந்தது. அங்கே வெறும் கல்.

மெஷின் எழுத்தை வரிவரியாகச் சுரண்டும். இது அப்படியில்லை. ஒரு கோடு போட்டது. நின்றது... யோசிப்பது போல. அடுத்த கோடு. கோணல்.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

நிற்கவில்லை.

சூடு தணிக்கக் கல்மேல் ஓடும் தண்ணீர் கையில் பட்டது. ஐஸ்.

கீர்... 

கீர்...

ஒரு புள்ளி.

ஊசி எழும்பியது.

காலையில் புயல் ஓய்ந்திருந்தது. கூ வீட்டு அம்மா லாரியோடு வந்து இறங்கினாள்.

"தப்பாப் போச்சும்மா. ஓரத்துல ஒரு எழுத்துக் கூடுதலா விழுந்துருச்சு. இப்பவே அரைச்சு எடுத்துடறேன்."

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் அந்தக் கோணல் கோட்டைத் தடவினாள்.

"தொடாதீங்கண்ணே... இந்தப் பேரை உங்களுக்கு யார் சொன்னது?"

"என்ன பேரு?"

"என் பொண்ணு பேரு. ஒரே எழுத்துதான் அவ பேரே. நாலு வயசுல போயிட்டா. கல்யாணமாகாமப் போன பொண்ணுக்கு முன்னோர் பேர் எழுதுற எங்க வீட்டுச் சாமிப் பலகையிலயும் இடமில்ல, கல்லுலயும் இடமில்ல. அவ பேரை நாங்க எங்கயும் எழுதல." மூச்சு வாங்கினாள். "அவளுக்கு இந்த ஒரு எழுத்துதான் எழுதத் தெரியும். இப்படித்தான் எழுதுவா."

நான் கல்லை அப்படியே விட்டேன். ஆட்கள் கல்லுக்குக் கயிறு கட்டினார்கள். அந்த நேரத்தில் போ-ஜுன் வந்தான். திரையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"மாமா, நேத்து இது அணைஞ்சு எழுந்துச்சா?"

"கரண்ட் போச்சு. நாலு பத்துக்கு. அதுக்கென்ன?"

"நான் காவலை எடுத்தது அந்த ஒரு தடவைக்குத்தான். அணைஞ்சு எழுந்தா பழையபடி பூட்டிக்கும். இப்பவும் பூட்டித்தான் இருக்கு. நாலு பத்துக்கு அப்புறம் இது உங்க மெஷினோட பேசவே இல்ல மாமா."

"பேசாமலா ரெண்டு பசங்க பேரும் அந்தப் பொண்ணு பேரும் விழுந்துச்சு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்... யார் வெட்டினது?"

"நேத்து யார் வேணா வரலாம்னே. இன்னைக்கு எதுவும் வரலைங்கறே. உன் பெட்டியையே நம்பாதவன், உன்னையா நம்பப் போறேன்?"

வெளியே வந்துவிட்டேன். "நீங்களே வந்து பாருங்க மாமா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மெஷின் கோளாறு, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.