பங்காளிக்கு ஒரு சாட்சி

ஆத்தாயி ஒரே விஷயத்தை எத்தனை பேரிடம்தான் சொல்லுவாள்? போலீஸ்காரரிடம் சொன்னாள், மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள், செஷன்ஸ் கோர்ட்டுக் கூண்டில் ஏறியும் சொன்னாள். "அந்த மூணு பேர்ல காளியண்ணன் இல்லீங்க." ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

முப்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் நடந்தது அது. காளப்பநாயக்கன்பட்டி வியாபாரி ஜாபர் உசேன் கொல்லிமலைக்குப் போய் மிளகு வாங்கிக்கொண்டு இறங்கினார். ஆத்தாயியும் அவள் புருஷன் அப்புசாமியும் சுமை தூக்கி வந்தார்கள். அந்த வருஷம் மழை பொய்த்து, அடிவாரத்தில் அவர்கள் விதைத்த காடு காய்ந்து கிடந்தது. மலைமேல் சோளக்காடு ஊருக்குக் கீழே, ஒற்றையடிப் பாதை பாறையை ஒட்டித் திரும்பும் இடத்தில் மூன்று பேர் மறித்தார்கள். ஒருவனிடம் நாட்டுத் துப்பாக்கி, மற்ற இருவரிடம் அரிவாள். மடியில் இருந்த பணப்பையை ஜாபர் உசேன் கொடுக்க மறுத்தார். சுட்டுவிட்டார்கள். தடுக்கப் போன அப்புசாமியை வெட்டிச் சாய்த்தார்கள். புதருக்குள் உருண்டு விழுந்த ஆத்தாயி மூன்று முகங்களையும் பார்த்தாள். துப்பாக்கிக்காரனுக்கு மேலுதடு பிளந்திருந்தது.

அரிவாள்காரர்கள் இருவரும் சீக்கிரமே பிடிபட்டார்கள்; அந்தப் பக்கமே போகவில்லை என்று கடைசிவரை சாதித்தார்கள். மூன்றாவதாகப் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியது காளியண்ணனை. அப்புசாமியின் பங்காளி, பக்கத்துக் காட்டுக்காரன். வேறு காரியமாக மலைக்குப் போனவன், போலீஸ் வருவதற்கு முன்னால் பாதையில் கிடந்த மிளகு மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தான். கண்டெடுத்தேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். விலைக்கு வாங்கினேன் என்றான். யாரிடம் என்று கேட்டால், கேட்கக் கேட்க வேறு வேறு பேர் சொன்னான்.

கோர்ட்டில் ஆத்தாயி அவன் இல்லை என்றதும் ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். "இவன் உனக்கு என்ன உறவு?"

"பங்காளிங்க."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். உறவுக்காரனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று தீர்ப்பில் எழுதி, மூன்று பேருக்கும் தூக்கு விதித்தார். பங்காளி என்றால் பாசம் பொங்கும் என்று நினைக்கிற மனுஷரை ஆத்தாயி அன்றைக்குத்தான் பார்த்தாள். பொதுக் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகக் காளியண்ணனோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. அவன் வாய்க்காலை உடைத்ததும், கேட்கப்போன அப்புசாமியின் மண்டையைக் கல்லால் உடைத்ததும் ஊருக்கே தெரியும்.

அப்பீல் மதராஸ் ஐக்கோர்ட்டுக்குப் போனது. காளியண்ணன் பெண்டாட்டி மயிலாத்தாள் ஆத்தாயியிடம் வந்து அழுதாள்.

"அக்கா, நீங்க இன்னொருக்காச் சொன்னாத்தான் உண்டுங்க."

"நாஞ் சொல்லாமயா இருக்கறேன்? உம் புருஷன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? கீழ கெடந்துச்சு, எடுத்தேன்னு சொன்னா என்னவாம்?"



சொந்தக்காரர்கள் வேறு பிடுங்கினார்கள். மண்டையை உடைத்தவனுக்காக எதற்கு அலைகிறாய் என்று கேட்காத ஆள் கிடையாது. ஜாபர் உசேனின் மனைவி ஹாஜிரா பீவியோ கடைவீதியில் ஆத்தாயியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் புருஷனைக் கொன்றவனை இவள் தப்பவைக்கிறாள் என்று அவளுக்கு எண்ணம். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் ஆத்தாயியை வதைத்தது. ஒரே நாளில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு பேரும்.

ஆத்தாயியை மறுபடி விசாரித்து வாக்குமூலத்தை அனுப்பும்படி ஐக்கோர்ட்டு உத்தரவிட்டது. அப்பீல் வக்கீல் அவளைக் கூப்பிட்டு, "அம்மா, அந்தத் தண்ணிச் சண்டையை ஒண்ணு விடாம சொல்லுங்க. அதுதான் நமக்குப் பலம்" என்றார். கண்ணால் பார்த்ததை நம்பாதவர்கள் வாய்க்கால் சண்டையை நம்புவார்களாம். ஆத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கூண்டில் ஏறிச் சொன்னாள். சர்க்கார் வக்கீல் குறுக்கே புகுந்தார்.

"இவ்வளவு கெடுதல் செய்தவனுக்காக ஏன் பேசுகிறாய்?"

"அவனுக்காக ஆருங்க பேசறது? எம் புருஷனுக்காகப் பேசறனுங்க. சுட்டவன் ஒதடு பொளந்தவனுங்க. இவனத் தூக்குல போட்டுட்டு நீங்க கையக் கழுவீட்டா, அவன் எங்காச்சும் சாவகாசமாச் சோறு தின்னுட்டு இருப்பானுங்க."

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அரிவாள்காரர்களின் தூக்கு உறுதியானது. காளியண்ணன் விடுதலையாகி வந்து, ஆத்தாயி காட்டு வேலியோரம் நின்றான். "போயி உன் வேலையப் பாரு" என்றாள் அவள். போய்விட்டான்.

ஆத்தாயி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் உதடு பிளந்தவனைப் பற்றிக் கேட்டாள். "கேஸ்தான் முடிஞ்சுபோச்சே" என்றார் ஏட்டு. காளியண்ணனை விடுவித்தவளே நீதானே, இன்னும் என்ன வேண்டும் என்பது போல ஒரு பார்வை.

திரும்பும்போது கடைவீதியில் ஹாஜிரா பீவி எதிரே வந்தாள். ஆத்தாயி ஒதுங்கி நடந்தாள்.

"நில்லு" என்றாள் ஹாஜிரா. குரலில் கோபம் தணிந்திருக்கவில்லை. "காளியண்ணன் இல்லேன்னா, எங்க ஊட்டுக்காரரச் சுட்டது யாரு?"

இத்தனை வக்கீல்களில், இத்தனை அதிகாரிகளில் ஒருத்தரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. ஆத்தாயி மூடிக் கிடந்த ஒரு கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் உயரம், நிறம், பேச்சு எல்லாவற்றையும் ஹாஜிரா நின்றுகொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றாள் கடைசியில். "கேஸ் முடிஞ்சுபோச்சுன்னு என்கிட்டச் சொல்லட்டும்."

அந்த ஆள் அகப்படவே இல்லை. ஆனால் எந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தாலும், நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் அந்த இரண்டு பெண்களும் எதிரே வந்து நின்றார்கள். ஏட்டு அவர்களைத் தெருமுனையில் கண்டாலே பின்வாசலைத் தேடினார்.