கோபாலசாமியின் மூன்று மாத ஆட்சி

அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழ்ச் சங்கத்துக்குக் கோபாலசாமி தலைவராக இருந்தது தீபாவளியிலிருந்து பொங்கல் வரைக்கும்தான். இருந்த தலைவர் வேலை மாறி டெக்சாஸுக்குக் கிளம்பிவிட, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. மனுஷர் சும்மா இருந்தாரா? ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து நாலு சுவருக்குள் அடைந்து கிடந்த பெரியவர்களையெல்லாம் தன் வேனில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். அதற்கு முன்னால் எந்தத் தலைவருக்கும் அது தோன்றவில்லை.

பொங்கலன்று வந்தது வினை. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்து வாசலில் பனி கொட்டியது. பால் பொங்குவேனா என்றது. குழந்தைகள் குளிரில் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், இவர் அடுப்பைத் தூக்கி உள்ளே மேடையில் வைத்துவிட்டார். பால் பொங்கத்தான் செய்தது. கூடவே திரைச்சீலையும் பற்றிக்கொண்டது! யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தீயணைப்பு வண்டிகள் வந்தன, இனி இடம் கிடையாது என்று பள்ளிக்கூடம் கையை விரித்தது. அன்றே பதவியை விட்டார். ஏழு வருஷமாகப் பொங்கல் வந்தால் ஆபீஸில் வேலை என்று சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

இந்தப் பொங்கலுக்குச் சங்கத்தின் வெள்ளி விழா. இப்போதைய தலைவர் நஞ்சுண்டன் போனில் அழைத்தார். முன்னாள் தலைவர்கள் பெயரெல்லாம் பேனரில் வருகிறதாம். இவர் பெயர் மட்டும் இல்லையாம். மூணு மாசந்தானுங்கண்ணா, உங்களுக்கும் சங்கடம் வேண்டாம்னு விட்டுட்டோம் என்றார். பரவாயில்லை என்று போனை வைத்த கோபாலசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் வெண்பா காலேஜில் ஜப்பான் வரலாறு படிக்கிறாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக ஒரு கதை சொன்னாள். அந்தக் காலத்தில் அங்கே அரசவைதான் வருஷங்களுக்குப் பெயர் வைக்குமாம். நம் பிரபவ, விபவ மாதிரி எது நடந்தாலும் பன்னிரண்டு மாதத்தை ஓட்டிவிடுகிற ஜாதி இல்லை. நாட்டுக்குக் கேடு வந்தால் நடுவிலேயே பெயரை மாற்றி, முதல் வருஷம் என்று புதிதாகத் தொடங்கிவிடுவார்கள். 1256இல் அம்மை பரவியதும் கோகென் என்று புதுப்பெயர் வைத்தார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் அரசாங்க மாளிகை தீப்பிடித்து எரிந்தது. அந்தப் பெயரும் போயிற்று.

"அப்ப அந்த ஆறு மாசத்தை அழிச்சுட்டாங்களா?" என்றார் கோபாலசாமி.

"நோப்பா. இன்னைக்கும் ஹிஸ்டரில இருக்கு. ஃபயரும் சேர்த்துத்தான்."

கோபாலசாமி போனை எடுத்து நஞ்சுண்டனைக் கூப்பிட்டார்.

"நஞ்சுண்டா, எம் பேரையும் போட்டுருப்பா. மூணு மாசம்னே போடு, தீப்பிடிச்சுதுன்னும் போடு. நான் இல்லவே இல்லைங்கிற மாதிரி மட்டும் பண்ணிராதீங்க."