ஒரே அளவு

தையல்கடை இரட்டையர் இருவருக்கும் ஒரே அளவு. தம்பியை நிற்கவைத்து அண்ணன் டேப் பிடிப்பார். அதை வைத்தே இரண்டு பேருக்கும் துணி வெட்டிவிடுவார். தன்னை அளந்து பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை.

அண்ணனுக்கு எச்ஐவி வந்து இருபது வருஷமாகிறது. வீட்டுக்கே தெரியும். மாத்திரையைத் தவறவிட்டதில்லை, அதனால் உயிர்ப்பயம் போய்விட்டது. தம்பி மேல் இருந்த வயிற்றெரிச்சல்தான் போகவில்லை. ஐம்பத்தைந்து வயதில் தம்பி மாடிப்படியைத் தாவி ஏறுகிறான். இவருக்குப் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. போன வாரம் புது வாடிக்கையாளர் ஒருவர் தம்பியிடம், "சட்டையை உங்க அப்பாகிட்ட குடுத்திருந்தேனே" என்றார். அப்பா என்று அவர் கை காட்டியது இவரை!

டாக்டரிடம் புலம்பினார்.

"மாத்திரை கிருமியை அடக்கி வச்சிருக்கு. ரத்தத்துல தேடினாலும் கிடைக்கல. ஆனா உங்க எதிர்ப்பு சக்தி ஓயாம காவல் காக்குது. அதுலயே எலும்பு, இதயமெல்லாம் சீக்கிரம் தேய வாய்ப்பிருக்கு. சிகரெட்டை விடுங்க, நடங்க, எலும்பு டெஸ்ட் எடுங்க."

"என் தம்பிக்கு?"

"அவருக்கு என்ன?"

"அதான் கேக்கறேன் டாக்டர், அவனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

தம்பி சொல்லியும் டெஸ்ட் எடுக்கவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கு ஒரே துணியில் இரண்டு பேன்ட் தைத்தார். போட்டுப் பார்த்தால் தரையில் புரள்கிறது.

"என்னங்க, வீடு பெருக்கறீங்களா?" என்றாள் மனைவி.

தான் குள்ளமாகிவிட்டது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காமல் தன் பேன்ட்டில் இரண்டு விரல் குறைத்தார். கை அதோடு நின்றிருக்கலாம். தம்பி பேன்ட்டையும் எடுத்து அதே அளவுக்கு நறுக்கி மடித்து அடித்தார். மனசு குளுகுளு என்றிருந்தது.

கல்யாணத்தன்று தம்பி கணுக்கால் தெரிய வந்து நின்றான். மண்டபமே சிரித்தது. அவன் குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தான், பிறகு இவருடையதைப் பார்த்தான்.

"டேய் அண்ணா, உயரம் குறைஞ்சுதுன்னு வாயால சொல்ல மாட்டியா? நாளைக்கே டெஸ்டுக்குப் போறோம்."

"வரலைன்னா?"

"இனிமே உன் பேன்ட்டை நான் வெட்டுவேன்."

பொத்தான் மட்டுமே தைக்கத் தெரிந்தவன் அவன். அண்ணன் அரண்டுபோய்த் தலையாட்டினார்.

தம்பி சிரித்தபடியே விருந்தாளிகளை வரவேற்கப் போனான். அண்ணன் பின்னாலிருந்து பார்த்தார். பாவி, அந்தக் கணுக்கால்கூட அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.