துணைக்கு வருகிறவள்

பெஞ்சின் விளிம்பில் முட்டையை ஒரு தட்டு, உள்ளங்கையில் வைத்து ஓர் உருட்டு. தோல் உரிந்து மடியில் விரித்த காகிதத்தில் விழுகிறது. அகல்யாவின் கண் முட்டையில் இல்லை. எதிரே மூடியிருக்கும் கதவில் இருக்கிறது. கதவு திறப்பதற்குள் முட்டை தயாராகிவிட வேண்டும். மிளகும் உப்பும் கலந்த தூள் பழைய மாத்திரை டப்பா ஒன்றில் இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் மனநல ஆலோசகர் கமலவேணி. புதன்கிழமை மட்டும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவார். அதே தாழ்வாரத்தில், அந்தக் கதவு தெரிகிற இடத்தில், தபால் பிரிவில் என் மேசை. கடிதங்களுக்கு முத்திரை குத்துவது என் உத்தியோகம். வேடிக்கை பார்ப்பது பிறவிக் குணம். வாராவாரம் ஒரே பெண் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எனக்கு மண்டை குடையாதா? 'பாவம், என்ன சங்கடமோ' என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன், அவள் உள்ளே போவதே இல்லை. வேறு வேறு பிள்ளைகள் போகிறார்கள். இவள் அவர்களுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கிறாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"தொணைக்கு வந்தனுங்கக்கா. தனியா வாறதுக்குக் கூச்சப்படறாங்க. ரெண்டு பேரா வந்தா, யாரு யாருக்காக வந்தாங்கன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாதுங்கல்ல?"

எனக்கு நாற்பத்தாறு வயது. அக்கா என்கிறாள்; வேண்டாம் என்பேனா?

அவளுக்கு இருபத்திரண்டு. எம்.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசா, சத்தீஸ்கர் என்று போனால் வருடத்தில் பத்து மாதம் ஊர்ப்பக்கம் வரமாட்டார். அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அடுக்கும் வேலை. திங்கட்கிழமை இவள் ஊரிலிருந்து பஸ் ஏறும்போது ஓர் அட்டை முட்டையும் ஏறிக்கொள்ளும். விடுதி அறையில் சமைக்கக் கூடாது என்பது சட்டம். சுடுதண்ணீர்க் கெட்டிலில் வேகவைப்பது சமையல் ஆகாது என்பது இவள் கட்சி. விடுதிக் காப்பாளர் தேடிக் கிளம்ப வேண்டாம். அகல்யா என்பது நான் வைத்த பெயர்.

"அது எதுக்கு முட்ட?" என்றேன்.

"அழுதா பசிக்குமுங்க. மெஸ்ஸுக்குப் போனா மூஞ்சியப் பாத்துட்டு என்னாச்சுன்னு கேப்பாங்க. முட்டைன்னா ரெண்டே வாயிங்க."

உள்ளே என்ன பேசினாய் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. வெளியே வருகிறவரின் முகத்தையும் உடனே பார்க்கமாட்டாள். தரையைப் பார்த்தபடி முட்டையை நீட்டுவாள். கைப்பந்து விளையாடுகிற கோகுல்ராஜ், ஆறடி ஆள், ஒருமுறை கண் சிவந்து வெளியே வந்தான். நின்றபடியே இரண்டு முட்டையைத் தின்றுவிட்டு, "இன்னொன்னு இருக்குதா?" என்றான். "உனக்குப் பண்ணையே வேணுமாட்ட இருக்குது" என்றாள். அவன் சிரித்துவிட்டான். பாதி முத்திரையில் இருந்த நானும் சிரித்துவிட்டேன்.

மைதிலி என்று முதலாண்டுப் பெண் ஒருத்தி. ஐந்து வாரம் அகல்யாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். போன மாதம் ஒரு புதன்கிழமை தைரியமாகத் தனியே வந்தாள். வந்து பார்த்தால் பெஞ்சில் அகல்யா.

"எனக்காகவாக்கா வந்தீங்க? நானே போய்க்குவனே."

"சும்மா வந்தேன் சாமி."

மைதிலி உள்ளே போனாள், வந்தாள், வகுப்புக்கும் போய்விட்டாள். அகல்யா எழவில்லை. கையில் முட்டை உரிபடாமல் இருந்தது.

ஆறு மாதமாகப் பார்க்கிறேன், இவள் ஒரு முட்டையை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றுதான் அது உறைத்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. கைக்கடிகாரம் தொளதொளவென்று மணிக்கட்டில் இறங்கிக் கிடந்தது. வேடிக்கை பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொண்டவள் நான். வெட்கமாக இருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ சாப்புடு."

"எறங்க மாட்டேங்குதுங்கக்கா."

பிறகு அவளே சொன்னாள். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி ஏறுவதில்லை. விடிவதற்கு வெகு முன்னே விழிப்பு வந்துவிடுகிறது. இரண்டு தாளில் தேறவில்லை; வீட்டுக்குத் தெரியாது.

"அப்பா டெய்லி கூப்புட்டு, 'நல்லாப் படிக்கறியா சாமி'ங்கறாரு. 'படிக்கறனுங்கப்பா'ங்கறேன். ஏப்ரல்ல பரிச்ச. அதுலயும் போச்சுன்னா, படிச்சது போதும், ஊட்டோட இருன்னு சொல்லீருவாங்க."

"இத உள்ள போயிச் சொல்ல வேண்டியதுதானே? பத்தடியில கதவு."

"நா உள்ள போயிட்டா, வெளிய யாருங்கக்கா உக்காருவாங்க?"

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள். அதைச் சொல்லிச் சீண்ட வாயெடுத்தேன், மனம் வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை நாள் நான் அந்தப் பெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தும், அதில் தனக்காக ஒருவர் வந்து உட்காருவார் என்று இந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மேசைக்குத் திரும்பி, முகத்தை மறைத்துக்கொண்டு முத்திரை குத்தினேன்.

அடுத்த புதன்கிழமை தபாலை மேசையிலேயே போட்டுவிட்டு, பத்தரைக்கே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அகல்யா வந்தாள். கூட யாரும் இல்லை.

"என்னங்கக்கா, இங்க?"

"தொணைக்கு" என்றேன்.

சிரிக்கவில்லை. பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். அதன்மேல் கைப்பேசியை வைத்தாள். கதவுவரை போனவள் சட்டென்று திரும்பி வந்தாள். போச்சு, பையை எடுத்துக்கொண்டு ஓடப்போகிறாள் என்றே நினைத்தேன்.

பைக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உரிச்சு வையுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.