தொப்புளுக்கு மேலே

என் தம்பி மில்ரனைப் போல ஒரு நல்ல நோயாளி கிடைக்கமாட்டான் என்று டொக்டர்மார் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மீன், நல்ல எஞ்சின் என்று சொல்லலாம். நல்ல நோயாளி என்றால் என்ன? குணமாகவும் மாட்டான், மோசமாகவும் மாட்டான், கூப்பிட்ட நேரத்துக்கு வந்து கட்டிலில் படுப்பான். அவ்வளவுதான்.

நாங்கள் மன்னார் ஓலைத்தொடுவாய் ஆட்கள். மில்ரன் எனக்கு ஏழு வயது இளையவன். இருபத்தொன்பது வயதில் கடலட்டை பிடிக்கச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு நாள் மூன்று தரம் இறங்கினான். மூன்றாவது தரம் சிலிண்டரில் காற்று முடிய, இடையில் நிற்காமல் விறுவிறென்று மேலே வந்துவிட்டான். போட்டில் ஏறி ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு காலும் போய்விட்டன. இரத்தத்தில் கரைந்திருந்த காற்று குமிழியாகி, முதுகெலும்புக்குள்ளே ஓடுகிற முண்ணாணைக் கெடுத்துவிட்டது என்றார்கள்.

ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தான். பிறகு இரண்டு தடிகளை ஊன்றி நடக்கப் பழகினான். கடல் இனி இல்லை என்றானதும், முற்றத்தில் கதிரையைப் போட்டு போட் எஞ்சின் திருத்தத் தொடங்கினான். கரையில் எந்த எஞ்சின் இருமினாலும் அவனிடம்தான் கொண்டு வருவார்கள். கால் போன பிறகு அவனை ஓர் ஆளாக நிறுத்தி வைத்திருந்தது அவனுடைய கைதான். அதனால்தான் அந்தக் கையைப் பற்றி எனக்கு இவ்வளவு பயம்.

தூரத்து நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசிப் பரீட்சை அங்கேதான் நடக்கும். பிள்ளைகள் சோதித்துப் பார்த்து நோயைச் சொல்ல உண்மையான நோயாளிகள் வேண்டும். அப்படித்தான் மில்ரனைக் கூப்பிட்டார்கள். வருடத்தில் இரண்டு தரம். அதிகாலை பஸ்ஸில் அவனை ஏற்றி இறக்க, கட்டிலில் பிரட்டிப் படுக்கவைக்க, நான் வேலை செய்கிற நண்டுக் கம்பனியில் லீவு போட்டுக்கொண்டு போவேன். திரைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் தருவார்கள். வாயைத் திறக்கக்கூடாது. மில்ரனும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். நோய் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடாது.

ஆறு வருடம் அந்த ஸ்டூலில் இருந்ததில் எனக்கும் பாதி டொக்டர் படிப்பு வந்துவிட்டது. முண்ணாணிலிருந்து முப்பத்தொரு சோடி நரம்புகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு சோடிக்கும் உடம்பில் ஒரு பட்டை பிரித்துக் கொடுத்திருக்கிறது, கிராம சேவகர் பிரிவு மாதிரி. முலைக்காம்பு ஒரு நரம்பின் எல்லை, தொப்புள் இன்னொன்றின் எல்லை. ஊசியால் குத்திக்கொண்டே மேலே வந்தால், எந்த இடத்தில் கூர் தெரியத் தொடங்குகிறதோ அதை வைத்து முண்ணாண் எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பார்கள். மில்ரனுக்குத் தொப்புள். அவர்கள் பாஷையில் ‘ரி ரென்’, நெஞ்சுப் பகுதியின் பத்தாவது நரம்பு.

முழங்காலில் சுத்தியலால் தட்டினால் அவன் கால் துள்ளும் துள்ளலில் பிள்ளைகள் பின்வாங்குவார்கள். அதற்கும் காரணம் உண்டு. தட்டிய செய்தி முண்ணாணுக்குப் போய், மூளையைக் கேட்காமலே திரும்பி வந்து காலை உதைக்க வைக்கும். தெறிவினை என்பார்கள். மூளை மேலே இருந்து அதை ஓரளவு அடக்கி வைத்திருக்கும். மில்ரனுக்கு இடையில் பாதை கெட்டதால் அடக்க ஆளில்லை. ஆனால் முண்ணாணில் அந்தச் செய்தி போய்த் திரும்புகிற இடமே கெட்டால், தட்டினாலும் ஒன்றும் அசையாது.

மில்ரனுக்கு அந்தக் கட்டில் பிடித்துப்போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது, இன்றைக்கு எந்தப் பிள்ளை நன்றாகச் செய்தது, எது நடுங்கியது என்று கதைத்துக்கொண்டே வருவான். எனக்கு எரிச்சலாக இருக்கும். முந்நூறு பிள்ளைகள் உன்னைக் குத்தினார்களே, ஒருத்தராவது உன் கால் எப்போது சுகப்படும் என்று சொன்னார்களா என்று கேட்பேன்.

“அவையளுக்குச் சோதினை அக்கா. பாவங்கள்,” என்பான்.

மூன்று வருடத்துக்கு முன்னர், ஒரு காலை, அடுப்பிலிருந்து கேத்தலை வெறுங்கையால் தூக்கி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினான். பிடியில் துணி இல்லை. நான் கத்திய பிறகுதான் கையைப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“உனக்குச் சுடேல்லையோடா?”

“எஞ்சின் பிடிச்சுப் பிடிச்சுக் கை மரத்துப்போச்சு. விடுங்கோ அக்கா.”

விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு சின்ன நட்டுகள் அவன் விரலிலிருந்து நழுவத் தொடங்கின. பெருவிரலுக்குக் கீழே இருந்த சதை வற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் ஒரு எஞ்சினைப் பாதியில் வைத்துவிட்டு, நாளைக்குச் செய்கிறேன் என்று ஆளை அனுப்பினான். மில்ரன் அப்படி அனுப்பியதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. கிளினிக்கில் காட்டு என்று நச்சரித்தேன். கிளினிக்கில் அவனுடைய அட்டையைப் பார்த்து, “முந்தின மாதிரித்தானே?” என்று கேட்பார்கள். இவன் “ஓம்” என்பான். அதோடு சரி. பரீட்சைக் கட்டிலிலும் கையை யாரும் பார்க்கவில்லை. ‘கால்களைப் பரிசோதிக்கவும்’ என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

இந்த வருடம் பரீட்சைக்குப் போனபோது, வாட்டு விறாந்தையில் இரண்டு பொடியன்கள் எங்களைக் கண்டார்கள். ஒருத்தன் மற்றவனின் முழங்கையை இடித்து, “மன்னார் அங்கிள். தொப்புள்,” என்றான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடையை ஒரு வருடத்துப் பிள்ளைகள் அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊசியெல்லாம் வெறும் சடங்கு. எனக்கு அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடலாம் போலிருந்தது.

பரீட்சைக்கு முதல் பெரிய டொக்டர் ஒருத்தர் வந்து சரிபார்த்தார். முழங்காலைத் தட்டினார், ஊசியால் வயிற்றில் நாலு குத்துக் குத்தினார். தொப்புளுக்கு வந்ததும் மில்ரன், “இதில தெரியுது சேர்,” என்றான். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதல் நான்கு பிள்ளைகள் ‘ரி ரென்’ சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவள் எங்கள் மாவட்டத்திலேயே மறிச்சுக்கட்டி ஊர்ப் பிள்ளை. பெயர் ஜெஸ்லியா என்று சட்டையில் குத்தியிருந்தது. பக்கத்தில் பெரிய டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் சுத்தியலால் தட்டினாள், கால் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினாள், பெருவிரல் மேலே நிமிர்ந்தது. எல்லாம் வழக்கம்போல. பிறகு தொப்புளுக்கு மேலே வயிற்றுத் தோலை மெல்லக் கீறினாள். கேடு தொப்புளோடு நின்றிருந்தால் அந்த இடத்தில் தசை சுண்ட வேண்டும். சுண்டவில்லை. திரும்பவும் கீறினாள். அவள் முகம் மாறியது.

“கண்ண மூடிக்கங்க அங்கிள். நான் தொடுவன். கூரா, மொட்டையா எண்டு மட்டும் சொல்லுங்க.”

ஊசியின் ஒரு முனை கூர், மறுமுனை மொட்டை. மற்றப் பிள்ளைகள் கூரால் மட்டும் குத்திக்கொண்டு மேலே வருவார்கள். இவள் தொப்புளுக்கு மேலே மொட்டை முனையை வைத்தாள்.

“கூர்,” என்றான் மில்ரன்.

இரண்டு விரல் மேலே, மொட்டை முனை.

“கூர்.”

இன்னும் மேலே. “கூர்.” நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஊசியை வைத்திருந்த விதம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இவன் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்கிறான்.

“அங்கிள், எனக்காகச் சொல்ல வேணாம். உங்களுக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க.”

அவள் திரும்பவும் தொடங்கினாள். இந்த முறை வயிற்றில் கூர் முனையால் குத்தினாலும் “மொட்டை” என்றான். நெஞ்சுக்கு வந்தது, மொட்டை. முலைக்காம்பைத் தாண்டி மேலே போன பிறகுதான் அவன் முகம் சுழித்து “கூர்” என்றான்.

பெரிய டொக்டர் அவளிடம் விடை கேட்டார். அவள் முலைக்காம்பு மட்டம், ‘ரி ஃபோர்’ என்றாள். அவர் இன்னொரு தரம் யோசிக்கச் சொன்னார். அவள் திரும்பவும் அதையேதான் சொன்னாள். கையையும் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கால்தான் கேள்வி என்றார் அவர். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழும்பினேன்.

“சேர், அவன்ர கையைப் பாருங்கோ. கொதிக்கிற கேத்தல் பிடிச்சும் அவனுக்குச் சுடேல்லை.”

என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். டொக்டர் என்னைப் பார்த்தார், பிறகு மில்ரனின் பெருவிரலடியைப் பார்த்தார். சுத்தியலைத் தானே வாங்கி முழங்கையின் உட்பக்கத்தில் தட்டினார். ஒன்றும் அசையவில்லை. மணிக்கட்டில் தட்டினார். அங்கும் இல்லை. வாய் வேண்டுமானால் பொய் சொல்லும், சுத்தியல் வாயைக் கேட்பதில்லை.

பிறகு அவர் ஆறு வருடத்தில் யாரும் கேட்காததைக் கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். ஆ என்று சொல்லச் சொல்லி ரோச் அடித்து அண்ணாக்கைப் பார்த்தார். தண்ணீர் விழுங்க வைத்தார். முகத்தின் இரண்டு பக்கமும் குத்திப் பார்த்தார். மூளையிலிருந்து நேரே வருகிற நரம்புகள் பன்னிரண்டு சோடி. விழுங்குவதும் பேசுவதும் அவற்றின் வேலை. கேடு அவ்வளவு தூரம் ஏறிவிட்டதா என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. “இதுகள் பரவாயில்லை,” என்றார்.

அன்றைக்கே வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்தார்கள். ஸ்கானில் முண்ணாணுக்குள் நீர் கட்டி, பழைய காயத்திலிருந்து கழுத்துவரை நீளமாக ஏறியிருந்தது. படத்தைக் காட்டியவர் வாட்டில் வேலை செய்கிற ஓர் இளம் டொக்டர். ஒப்பரேசன் செய்தால் மேலே ஏறுவது நிற்கும் என்றார். போன விரல்கள் திரும்பா. வலது கையால் இனிச் சின்ன வேலை செய்ய முடியாது. இடது கையைக் காப்பாற்றலாம், பார்க்கலாம்.

“இரண்டு மூண்டு வருசமா ஏறியிருக்கு,” என்றார். “ஏன் அண்ணை முந்திச் சொல்லேல்லை?”

மில்ரன் படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தான்.

“ஒருக்கா ஒரு பிள்ளை என்னில பிழை விட்டிட்டு விறாந்தையில நிண்டு அழுதவ. அதுக்குப் பிறகு எல்லாருக்கும் தொப்புளெண்டே சொன்னனான். நீங்களும் என்னிலதான் சோதினை செய்தனீங்கள் சேர். மூண்டு வருசமிருக்கும். அப்பவே எனக்குத் தொப்புளில தெரியேல்லை.”

எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை பிள்ளைகளைப் பாஸாக்கத் தன் கையைக் கொடுத்திருக்கிறான், மடையன். அந்த டொக்டர் படத்தைக் கட்டிலில் வைத்தார். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, மில்ரனின் வலது கையைத் தன் மடியில் வைத்தார்.

“கண்ணை மூடுங்கோ அண்ணை.”

பெருவிரலில் குத்தினார்.

“தெரியேல்லை,” என்றான் மில்ரன்.

அடுத்த விரலுக்கும் அதையே சொன்னான்.